சிலைக்கு அடித்த மணி

சிரிக்கவே சிரிக்காத ஒருவருக்கு, சிரிப்பை விற்கிற இடத்தில் முன் வரிசை நாற்காலியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவரை அங்கே அழைத்துப் போய், உட்கார வைத்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது என் வேலை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. நான் ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சும்மா உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்பதால் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். தெருவில் எங்கள் இருவரையும் பார்க்கிறவர்களுக்கு யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார் என்று சட்டென்று சொல்லத் தெரியாது. அவருடைய மகளே முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்னை அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் போட்டு, "இன்னும் கொஞ்சம் வயசு கம்மியா யாரும் இல்லையா?" என்று கேட்டாள். நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"இருக்காங்கம்மா. ஆனா அவங்க போனைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நான் உங்க அப்பாவைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது.

அவருக்குப் பார்க்கின்சன் நோய். பெயரைச் சொன்னதும் எல்லோரும் நடுங்குகிற கையைத் தேடுவார்கள். இவருக்குக் கை நடுங்கவில்லை. உடம்பு விறைத்துப் போகிற வகை. நடை சின்னதாகிவிட்டது. குரல் தணிந்துவிட்டது. முகத்துத் தசைகள் அவருக்கு முன்பே முழு ஓய்வு வாங்கிக்கொண்டன. சந்தோஷம், கோபம், பசி எல்லாவற்றுக்கும் ஒரே முகம். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க மிகவும் வசதியான முகம்.

மகளுக்கு இதுதான் பெரிய குறை. அவள் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவள். வேலை முடிந்து வந்ததும் அப்பாவுக்குக் காபி போட்டுக் கொடுப்பாள். அவர் குடிப்பார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "நான் எது செஞ்சாலும் அப்பாவுக்குப் பிடிக்கறதில்லை சிஸ்டர். மூஞ்சியைப் பாருங்க" என்பாள். இது நோயின் குணம், மனம் உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது என்று விளக்கினேன். புரிந்தது என்று தலையை ஆட்டினாள். மறுநாள் காபி கொடுத்துவிட்டு மறுபடியும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகளுக்குத் தெரியாதது எனக்குக் கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. அவர் சிரிப்பது முகத்தில் இல்லை, வலது குதிகாலில். ஏதாவது வேடிக்கையாகப் பட்டால் அந்தக் குதிகால் தரையைவிட்டு மெல்ல எழும்பி இறங்கும். கட்டில் கால், மேஜைக் கால் என்று எத்தனையோ பார்த்துத் துடைத்த எனக்கு மனிதக் கால் கண்ணில் படாமல் போகுமா?

லிஃப்டை வாழ்நாள் முழுக்க ஓட வைத்தவர் லிஃப்ட் வாசலில்தான் அடிக்கடி நின்றுபோவார். இந்த நோயில் அது சகஜம். வாசல்படி, குறுகலான இடம் என்று வந்தால் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் ஆள் விழுந்துவிடுவார். தரையில் ஒரு கோடு இருந்தால், "கோட்டைத் தாண்டுங்க சார்" என்று சொன்னால் போதும், கால் தானாக எழும்பும். அதனால் என் பையில் தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, கைக்குட்டை, மஞ்சள் ஒட்டுநாடா எப்போதும் இருக்கும்.

சிரிப்பு விற்கிற அந்த இடத்தைக் கண்டுபிடித்ததும் இப்படி அவர் நின்றுபோனதால்தான். மாலை நடைக்குப் போகும்போது சாவி செய்கிற கடைக்குப் பக்கத்தில் கீழே இறங்குகிற ஒரு வாசல். அதன் எதிரே வந்ததும் கால் நின்றுவிட்டது. நான் பையில் நாடாவைத் தேடிக்கொண்டிருக்கும்போது, கீழேயிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். தலைமுடியில் பாதி நீலம்.

"உள்ள வரத் தயங்குறீங்களா? சும்மா வாங்க. முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

"என்ன இடம் இது?" என்று கேட்டேன்.

"காமெடி பார். குடிக்கலாம், சிரிக்கலாம். சிரிக்கிறது கட்டாயம் இல்ல."

லிஃப்ட்காரரின் குதிகால் எழும்பியது. நான் கோடு ஒட்டினேன். இறங்கினோம்.

அந்த அறையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி. நாற்காலிகள் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. நாலைந்து வீடு காலி பண்ணும்போது எடுத்து வந்தவை போலிருந்தன. மேடை என்பது சரக்கு ஏற்றும் மரச் சட்டங்களை அடுக்கி மேலே கம்பளம் விரித்தது. கழிப்பறைக்குப் போக மேடையைக் கடந்தாக வேண்டும். அதனால் அங்கே போகிறவர் யாரானாலும் மேடையில் இருப்பவரின் வாயில் விழுந்து எழுந்துதான் போக வேண்டும். ஆனால் காற்றோட்டம் நன்றாக இருந்தது, வெளியே போகும் வழிக்குப் பச்சை விளக்கு எரிந்தது, தரை வழுக்கவில்லை. வாராவாரம் வரலாம் என்று முடிவு செய்தேன்.

நீலமுடிக்காரி பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். மாலையில் இங்கே நிகழ்ச்சியை நடத்துவாள். "பகல் முழுக்க மரணத்தைப் பக்கத்துல இருந்து பார்க்குறேன், அதனால மேடை எனக்குப் பயம் இல்ல" என்று ஆரம்பிப்பாள். பாரில் நிற்பவர்தான் முதலாளி. தடித்த மனிதர், அதிகம் பேச மாட்டார். அவர் தலைக்கு மேலே ஒரு பித்தளை மணி தொங்கும். எல்லோரும் அவரை மணிக்காரர் என்றார்கள்.

மணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. நீலமுடிக்காரி அதை ஒவ்வொரு வாரமும் புதியவர்களுக்குச் சொல்வாள்: "இங்க இரக்கச் சிரிப்புக்கு இடம் இல்ல. ஜோக் நல்லா இல்லன்னா கம்முனு இருங்க. பாவம்னு சிரிச்சீங்கன்னா அவங்க அதையே அடுத்த வாரமும் சொல்லுவாங்க, கஷ்டம் உங்களுக்குத்தான்." யாராவது பாவம் பார்த்துச் சிரித்தால் மணிக்காரர் மணியை ஒரு இழுப்பு இழுப்பார். மேடையில் இருப்பவர் அந்த ஜோக்கை விட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். பொய்ச் சிரிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "நிஜமா சிரிச்சா ஒருத்தர் முன்னாடி சிரிப்பார், ஒருத்தர் லேட்டா சிரிப்பார். பொய்யா சிரிச்சா எல்லாரும் ஒண்ணா ஆரம்பிச்சு ஒண்ணா நிறுத்துவாங்க" என்றார். சரியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து ஜோக் சொல்லும்போது நாங்கள் சிரித்தது அப்படித்தான்.

முன் வரிசையில் உட்கார்ந்த லிஃப்ட்காரரின் முகம் முதல் நாளே எல்லோரையும் கலக்கிவிட்டது. பல் டாக்டர் ஒருவர், காய்கறி லாரி ஓட்டுகிறவர், கல்லூரிப் பெண்கள் இருவர், யார் மேடை ஏறினாலும் அந்த முகத்தைப் பார்த்து வார்த்தை தடுமாறினார்கள். அடுத்த வாரமே அவருக்கு 'சிலை' என்று பெயர் வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் பாரின் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டார்கள்: 'சிலையைச் சிரிக்க வைப்பவருக்கு ஒரு பானம் இலவசம்.' மேடை ஏறுகிறவர்கள் கடைசியாக அவரைப் பார்த்து ஒரு ஜோக் விடுவார்கள். முகம் அசையாது. கூட்டம் அதற்கே விழுந்து விழுந்து சிரிக்கும். மேஜைக்கு அடியில் குதிகால் தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அது என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மணிக்காரர் அவருக்கு எலுமிச்சை சோடாவைப் பீர் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார். கேட்காமலே செய்தார். சிலைக்கு சோடா கிளாஸ் எடுபடாது என்று நினைத்திருப்பார்.

சில மாதம் இப்படிப் போனது. ஒருநாள் திரும்பி நடக்கும்போது லிஃப்ட்காரர் நின்றார். இந்த முறை கால் நிற்கவில்லை, அவராகவே நின்றார்.

"சிஸ்டர், நானும் அஞ்சு நிமிஷம் ஏறணும்."

"படியா?"

"மேடை."

அப்போதுதான் பழைய கதையைச் சொன்னார். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பயந்து போவார்கள். சிலர் கதவை உதைப்பார்கள், சிலர் மூச்சு முட்டுகிறது என்று அழுவார்கள். அவர்கள் உதைத்தால் இவர் வேலை கெடும். அதனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஸ்பேனரைப் போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுப்பாராம். பேச்சு மெல்ல மெல்ல வேடிக்கையாகிவிட்டது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டால் வேலை சுலபமாக முடியும். கூட வேலை பார்த்தவர்கள், "கதவைத் திறக்கச் சொன்னா இவன் கச்சேரி வைக்கிறான்" என்று கிண்டல் அடிப்பார்களாம். சில பேர் வெளியே வந்த பிறகு, "கொஞ்சம் முன்னாடியே திறந்துட்டீங்களே, அந்தக் கதை என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"அதுக்கு என்ன இப்போ?" என்றேன்.

"பேச்சுப் பயிற்சி குடுக்கிற அம்மா என்ன சொன்னாங்கன்னு நீங்களும்தான் கேட்டீங்க. குரல் இன்னும் இறங்கும். இருக்கும்போதே ஒரு தடவை சிரிக்க வச்சுப் பார்க்கணும். நிஜமா." மூச்சு வாங்கிக்கொண்டார். "அங்க யாருக்கும் என் நோய் தெரிய வேண்டாம். சிலைன்னே இருந்துட்டுப் போறேன். தெரிஞ்சா முதல்ல பாவம்னு பார்ப்பாங்க, அப்புறம் சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்."

நியாயமான பேச்சு. நோயாளி தெளிவாக ஒன்றைக் கேட்டால் அதற்கு வழி பார்ப்பதுதான் எங்கள் வேலை. பயிற்சி ஆரம்பித்தோம். தினமும் காலையில் "ஆ" என்று அடிவயிற்றிலிருந்து கத்தச் சொன்னேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "அவரை என்ன பண்றீங்க?" என்று கேட்டார். லிஃப்ட்காரர் அந்த மாறாத முகத்தோடு வாசலுக்கு வந்து, "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் பார்த்துக்கிறாங்க" என்றார். அந்த முகத்தோடு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த மனிதர் ஒரு வாரம் என்னை முறைத்தார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. இந்த நோயில் எச்சிலை விழுங்க மறந்துவிடும். வாயில் சேர்ந்து பேச்சு குழறும். பக்கத்தில் இருப்பவர் நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும். "முழுங்கிட்டுப் பேசுங்க சார்" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வேனோ, எனக்கே கணக்கில்லை. அவர் பேச்சில் ஒரு சின்ன ஈரச் சத்தம் வந்தால் போதும், அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டதுபோல் என் வாய் தானாகத் திறந்துவிடும்.

அவர் ஏறப்போகும் மாலை மகளும் வந்தாள். ஆபீஸ் உடுப்போடே வந்தாள். படி இறங்கும்போதே, "இந்த இடத்துக்கா அப்பா வாராவாரம் வர்றார்?" என்று மூக்கைச் சுளித்தாள். அவர் நிகழ்ச்சியின் நடுவில் ஏறுவதாக ஏற்பாடு. மாத்திரை வேலை செய்கிற நேரத்தை அதற்குத் தோதாக வைத்திருந்தேன். நீலமுடிக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. "சிலை பேசப் போகுது!" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அறை நிரம்பியிருந்தது. பல் டாக்டர் தன் மனைவியைக்கூட அழைத்து வந்திருந்தார்.

இடைவேளையில் நான் மேடைப் படியிலும் மைக்குக்கு முன்னாலும் மஞ்சள் நாடா ஒட்டப் போனேன். குனிந்து நிமிர எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நிமிர்ந்து பார்த்தால் மகள் மேஜை மேஜையாகப் போய்க் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்தார்கள். அந்தச் சாய்வு எனக்கு நன்றாகத் தெரியும். நோயாளியைப் பார்க்க ஆப்பிளோடு வருகிறவர்களின் சாய்வு அது.

ஓடாத குறையாகப் போய்க் கையைப் பிடித்தேன். "என்னம்மா சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, பார்க்கின்சன், கொஞ்சம் சிரிச்சிடுங்க ப்ளீஸ்னு சொன்னேன். யாரும் சிரிக்கலைன்னா அவர் மனசு உடைஞ்சு போயிடும் இல்ல?"

அவளைக் குறை சொல்ல முடியாது. அப்பா மேல் இருக்கிற பாசத்தில்தான் செய்தாள். ஆனால் அவர் எது வேண்டாம் என்றாரோ அதையே மேஜைக்கு மேஜை பரிமாறிவிட்டாள். அவரிடம் சொல்லி நிறுத்தலாம் என்று திரும்பினேன். அதற்குள் நீலமுடிக்காரி மைக்கைப் பிடித்துவிட்டாள்.

"இத்தனை நாள் நம்மளை எல்லாம் கண்ணாலேயே கொன்னவர் இன்னிக்கு மேல வர்றார். பழி வாங்க நல்ல சந்தர்ப்பம். வாங்க ஐயா!"

கோட்டைத் தாண்டினார். படி ஏறினார். இரண்டாவது கோட்டைத் தாண்டி மைக் முன்னால் நின்றார். விளக்கு நேராக முகத்தில் அடித்தது. நான் மைக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, வாயோடு ஒட்டினாற்போல் பிடிக்க வைத்துவிட்டு இறங்கினேன்.

"வணக்கம்" என்றார்.

அறை முழுவதும் சிரித்தது. வணக்கத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

அவர் ஒரு கணம் பார்த்தார். "நான் லிஃப்ட் மெக்கானிக்" என்றார்.

மறுபடி சிரிப்பு. எல்லோரும் ஒன்றாக ஆரம்பித்தார்கள், ஒன்றாக நிறுத்தினார்கள். பல் டாக்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மைக்கைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. இறங்கி வந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

அப்போது மணி அடித்தது.

நன்றாக, ஓங்கி, ஒரே இழுப்பு. அறை வாயடைத்துப் போயிற்று. நீலமுடிக்காரி வாயில் கையை வைத்தாள். மகள் பாதி எழுந்துவிட்டாள். "என்ன மனுஷன் இவன்! உடம்பு சரியில்லாதவருக்குப் போய் மணி அடிக்கிறான்!"

"உட்காருங்கம்மா" என்றேன்.

"அவரைப் பாருங்க சிஸ்டர், மூஞ்சி எப்படி இருக்கு!"

"மூஞ்சியை விடுங்க. காலைப் பாருங்க."

கம்பளத்தின் மேல் வலது குதிகால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் மணி அடித்துவிட்டார்கள். லாரிக்காரருக்கு அடித்த அதே மணி, பல் டாக்டருக்கு வாராவாரம் அடிக்கிற அதே மணி.

அவர் மைக்கைப் பழையபடி வாய்க்குக் கொண்டுபோனார். பாரைப் பார்த்து, "அண்ணே, லைட்டை அணைங்க" என்றார்.

மணிக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. சுவிட்சைத் தட்டினார். பிறகு ஃபிரிட்ஜ் கதவிலிருந்து வந்த வெளிச்சத்தையும் ஒரு துண்டைப் போட்டு மறைத்தார். வாசல் பக்கத்துப் பச்சை விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முகம் மறைந்தது. தலையைச் சாய்த்தவர்களின் தலையும் மறைந்தது.

இருட்டில் குரல் வந்தது. சின்னக் குரல்தான். ஆனால் அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பயப்படாதீங்க. லிஃப்ட் நின்னுடுச்சு. நான் வெளிய நிக்கிறேன். என்கிட்ட ஸ்பேனர் இருக்கு. அவசரம் மட்டும் இல்ல."

ஒரு மூலையில் ஒருவர் சிரித்தார். அவர் மட்டும்.

"எப்ப திறப்பீங்க?" என்று பின்னாலிருந்து லாரிக்காரரின் குரல் கேட்டது.

"எல்லா லிஃப்ட்லயும் இதைக் கேக்க ஒருத்தர் இருப்பார். அவர் எப்பவும் முதல் மாடிக்குப் போறவரா இருப்பார். நடந்தே போயிருக்கலாம்."

இங்கே ஒருவர், அங்கே ஒருவர், பிறகு ஒரு கூட்டம். முன்னும் பின்னுமாகச் சிரிப்பு வந்தது. மணி அடிக்கவில்லை.

"ஒரு தடவை ஒரு டாக்டர் மாட்டிக்கிட்டார். 'சீக்கிரம் திறப்பா, எனக்கு ஆப்பரேஷன் இருக்கு'ன்னு கத்துறார். உள்ள இன்னொரு குரல், 'தம்பி, அந்த ஆப்பரேஷன் எனக்குத்தான். நீ நிதானமா பாரு.'"

பல் டாக்டர் தன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அவர் சிரிப்பு எனக்குத் தெரியும்; வாயைத் திற என்று சொல்கிற மாதிரி இருக்கும்.

"ஒரு புருஷன் பொண்டாட்டி. உள்ள ஒரே சண்டை. நான் வேர்த்து விறுவிறுத்து, உசிரைக் குடுத்துக் கதவைத் திறந்தேன். அந்தம்மா என்னைப் பார்த்து, 'ஒரு நிமிஷம்'னு சொல்லிட்டு, மூடுற பொத்தானை அமுக்கிட்டாங்க."

இப்போது சிரிப்பு அடங்க நேரமாயிற்று. என் பக்கத்தில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். "இது எங்க அம்மாவும் அப்பாவும்தான் சிஸ்டர். உள்ள மாட்டினது அவங்க, திறந்தது வேற மெக்கானிக்" என்று என் காதில் சொன்னாள். "அம்மா போறதுக்கு முன்னாடி எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்காங்க. நான் மறந்தே போயிட்டேன்."

மேடையிலிருந்து குரல் தொடர்ந்தது. "இப்ப எனக்கு வயசாயிடுச்சு. டாக்டர் என் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். எனக்குப் படம் பார்க்கவே வேணாம், பழைய மாடல் லிஃப்ட், பார்த்தவுடனே தெரியுது. பொத்தானை அமுக்கினா வரும். எப்ப வரும்னு கேக்கக் கூடாது. மூஞ்சி மட்டும் கீழ்த்தளத்துலயே நின்னுடுச்சு. யாரும் கவலைப்படாதீங்க. உள்ள ஆள் இருக்கு. கதவுதான்…"

அந்த இடத்தில் ஒரு சின்ன ஈரச் சத்தம் வந்தது. மைக்கில் நன்றாகவே கேட்டது.

"முழுங்கிட்டுப் பேசுங்க சார்!" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன். வார்டில் கடைசிக் கட்டில்வரை கேட்க வேண்டும் என்று பழகிய குரல். அந்த இருட்டறையில், அந்த அமைதியில், கடைசி வரிசை தாண்டித் தெருவுக்கே கேட்டிருக்கும். மேடையில் ஒருவர் பேசும்போது கீழேயிருந்து இப்படி யாரும் கத்துவதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு மைக்கில் விழுங்குகிற சத்தம் கேட்டது. 'களுக்' என்று, ஊருக்கே கேட்கும்படி.

"பார்த்தீங்களா," என்றது குரல், "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களை எல்லாம் நான் வெளிய எடுத்துட்டேன். என்னை இவங்ககிட்டேருந்து எடுக்க ஒரு மெக்கானிக் வரலையே."

அறை உடைந்தது. நாற்காலி ஒன்று சாய்ந்த சத்தம் கேட்டது. யாரோ கிளாஸைத் தட்டிவிட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே, மைக்கில், விட்டு விட்டு ஒரு சத்தம் வந்தது. பழைய மோட்டாரை ஸ்டார்ட் பண்ணுவது போல. முதலில் மூச்சுத் திணறுகிறதோ என்று எழுந்துவிட்டேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருங்க சிஸ்டர். அப்பா சிரிக்கிறார்."

விளக்கு வந்தபோது அவர் அதே இடத்தில், அதே முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். யாரும் தலையைச் சாய்க்கவில்லை. பல் டாக்டர், "எனக்கு எத்தனை வாரம் மணி அடிச்சிருக்கீங்க, இவருக்கு முதல் நாளே இவ்வளவு கைதட்டலா!" என்று மணிக்காரரிடம் சண்டைக்குப் போனார்.

நான் மேடையேறிக் கையைக் கொடுத்தேன். கோட்டைத் தாண்டி இறங்கினார். நாற்காலிக்கு வந்து உட்காரும்போது மணிக்காரர் ஒரு கிளாஸோடு வந்தார். மேலே எலுமிச்சைத் துண்டு செருகி, குட்டிக் குடை வைத்து, பார்க்கவே விலை கூடியதாக இருந்தது. அதை அவர் முன்னால் வைப்பார் என்று பார்த்தால், என் முன்னால் வைத்தார்.

"எனக்கு எதுக்கு?"

கரும்பலகையைக் காட்டினார். "சிலையைச் சிரிக்க வச்சது நீங்க. எல்லாரும் கேட்டோம்."

"நான் அவரை முழுங்கச் சொன்னேன், அவ்வளவுதான்."

"அது உங்க பாணி போல."

டியூட்டி நேரத்தில் நான் குடிப்பதில்லை. எடுத்து வையுங்கள், லீவு நாளில் வந்து குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, குடையை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன். நீலமுடிக்காரி வந்து லிஃப்ட்காரரின் தோளைத் தட்டி, "அடுத்த வாரமும் ஏறணும் ஐயா, ஆனா அந்தப் புருஷன் பொண்டாட்டி கதையைக் கடைசியில வைங்க" என்றாள். அவளுக்குப் பாவம் பார்க்க நேரமில்லை. அடுத்து ஏற வேண்டியவர் கழிப்பறையில் ஒளிந்திருந்தார்.

திரும்பும்போது மகளின் காரில் போனோம். அவரைப் பின் சீட்டில் ஏற்றி, பெல்ட் போட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். பழைய பழக்கம். அந்த முகத்தில் வழக்கம்போல் ஒன்றும் இல்லை.

"அப்பா, நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

பதில் இன்னும் வந்து சேரவில்லை. மகள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு கையை மேலே நீட்டிக் காருக்குள் எரிந்த விளக்கை அணைத்தாள்.

"இப்ப சொல்லுங்கப்பா."

இருட்டில் அவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. "உன் காபி…" என்று ஆரம்பித்தார்.

"என் காபிக்கு என்ன?"

"நல்லாத்தாம்மா இருக்கு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. சர்க்கரையை மட்டும்…"

அதற்கு மேல் வார்த்தை குழறியது. என் வாய் திறந்தது. ஆனால் முன் சீட்டிலிருந்து குரல் முந்திக்கொண்டது.

"முழுங்கிட்டுப் பேசுங்கப்பா!"

'களுக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டது.

"ஐயோ," என்றார் லிஃப்ட்காரர், "இப்ப ரெண்டு பேர்."

என் காலுக்குப் பக்கத்தில், கார் தரையில், குதிகால் தட்டிக்கொண்டிருந்தது. மகள் வண்டியை எடுத்தாள்.